முகாமுக்குள் போன பிள்ளைகள்: ஹோலோகாஸ்ட் இலக்கியம் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் முதல் நாள். புதிதாக வந்தவர்களில் ஒரு தகப்பனுக்கு வயிற்றைப் பிசைகிறது. பொறுப்பில் இருக்கும் கைதியிடம் போய், கழிப்பறை எங்கே என்று மரியாதையாகத்தான் கேட்கிறார். அவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓங்கி அறைகிறான். கீழே விழுந்தவர் தவழ்ந்தே தன் இடத்துக்குத் திரும்புகிறார். பக்கத்தில் நின்ற 15 வயது மகன் அசையவே இல்லை. நேற்று என்றால் அந்த ஆளின் சதையில் நகத்தைப் பதித்திருப்பேனே, அதற்குள் இவ்வளவு மாறிவிட்டேனா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். வலிக்கவில்லை என்று அப்பா அவன் காதில் சொல்கிறார். அவர் கன்னத்தில் கைத்தடம் சிவந்து கிடக்கிறது.

எலீ வீசல் எழுதிய 'இரவு' நூலில் வரும் இடம் இது. பேரழிவு ஒரு பிள்ளையை என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையன் அழவில்லை, கத்தவில்லை. வந்திருக்க வேண்டிய கோபம் வரவில்லை என்பதை அவனே கவனிக்கிறான், அதைக் கண்டு பயப்படுகிறான். ஹோலோகாஸ்ட் இலக்கியத்தில் இளம் பாத்திரங்களின் மாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படுகிறது. என்ன உணர்ந்தார்கள் என்பதில் தெரிவதைவிட, எதை உணராமல் போனார்கள் என்பதில்தான் அதிகம் தெரிகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இந்த நூல்களில் பாதி திறந்துவிடும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்கள் மீதான ஒடுக்குமுறை தொடங்கியது. 1941 முதல் அது திட்டமிட்ட படுகொலையாக மாறியது. 1945இல் போர் முடிவதற்குள் நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஏறக்குறைய 60 லட்சம் யூதர்களைக் கொன்றிருந்தார்கள். அவர்களில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். இந்தப் படுகொலையைத்தான் ஹோலோகாஸ்ட் என்கிறார்கள். அதிலிருந்து பிறந்த நாட்குறிப்புகள், நினைவுக் குறிப்புகள், நாவல்கள், கவிதைகள் எல்லாம் சேர்ந்தது ஹோலோகாஸ்ட் இலக்கியம்.

இதில் பிள்ளைகளின் குரலாக நம்மிடம் இருப்பவை மிகக் கொஞ்சம். காரணம் கொடுமையானது. ஆஷ்விட்ஸில் ரயிலிலிருந்து இறங்கியவுடனே ஆட்களைப் பிரித்தார்கள். வேலைக்கு ஆவார்கள் என்று தோன்றியவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம். சிறு பிள்ளைகளும் அவர்களைக் கையில் பிடித்திருந்த தாய்மார்களும் முதியவர்களும் பெரும்பாலும் நேராக விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகவே எழுதுவதற்கு உயிரோடு மிஞ்சியவர்களில் பலர் அப்போது பதின்வயதில் இருந்தவர்கள், அல்லது பெரியவர்கள் என்று நம்பவைத்துத் தப்பியவர்கள்.

இந்த வயது விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. 'இரவு' நூலில், ரயில் நின்ற இடத்தில் முகம் தெரியாத ஒரு கைதி வந்து பையனிடம் வயதைக் கேட்கிறான். 15 என்றதும், இல்லை, 18 என்று சொல் என்கிறான். 50 வயது அப்பாவை 40 என்று சொல்லச் சொல்கிறான். ஹங்கேரிய எழுத்தாளர் இம்ரே கெர்டெஸின் 'விதியற்றவன்' நாவலில் வரும் 14 வயது கியோர்கி, அங்கிருந்த கைதிகள் சொன்னபடி 16 என்று சொல்லித் தப்புகிறான். வியன்னாவில் பிறந்து, பின்னாளில் நினைவுக் குறிப்பு எழுதிய ரூத் க்ளூகருக்கு அப்போது 12 வயது. வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசையில் 15 முதல் 45 வயது வரை உள்ள பெண்களைத்தான் எடுத்தார்கள். முதல் தடவை அவளைத் தள்ளிவிட்டார்கள். அம்மா வற்புறுத்தியதால் இரண்டாவது தடவை வேறு வரிசையில் போய் நிற்கிறாள். அங்கே பெயர் எழுதிக்கொண்டிருந்த ஓர் இளம் பெண், அவளும் கைதிதான், எழுந்து வந்து வயதைக் கேட்கிறாள். ஒரு வயது கூட்டி 13 என்கிறாள் சிறுமி. 15 என்று சொல் என்று அந்தப் பெண் கிசுகிசுக்கிறாள். ரொம்பச் சின்னவளாக இருக்கிறாளே என்று அதிகாரி சந்தேகப்பட்டபோது, கால் தசையைப் பாருங்கள், நன்றாக வேலை செய்வாள் என்று எடுத்துக்கொடுத்ததும் அவளே. முன்பின் தெரியாத ஒரு சிறுமிக்காக அவள் ஏன் அந்த ஆபத்தை ஏற்றாள் என்பதை க்ளூகர் ஆயுள் முழுக்க வியந்துகொண்டே இருந்தார்.

மூன்று நூல்கள், மூன்று பிள்ளைகள். மூவரும் உயிர் பிழைக்கச் செய்த முதல் காரியம், தான் பிள்ளையில்லை என்று சொன்னது. வழக்கமான கதைகளில் சிறுவன் பெரியவனாக வளர்வதற்கு ஒரு நாவல் முழுக்க ஆகும். இங்கே அது வாயால் சொல்லும் ஒரு எண்ணில் முடிந்துவிடுகிறது. அப்புறம் அந்த எண்ணுக்கு ஏற்ப நடந்துகொண்டாக வேண்டும்.

சரி, மனவடு என்று எதைச் சொல்கிறோம்? துக்கம் வேறு, இது வேறு. துக்கத்தில் என்ன இழந்தோம் என்று தெரியும், அழ முடியும், மற்றவர்களிடம் சொல்ல முடியும். தாங்கக்கூடியதைவிடப் பெரிதான ஒன்று நடக்கும்போது மனம் அதை அப்போதே உள்வாங்குவதில்லை. மரத்துப்போகிறது, அல்லது அந்தச் சூழலுக்கு ஏற்பத் தன்னையே மாற்றிக்கொள்கிறது. பிறகு வருடக்கணக்கில் அது கனவாக, உடல் நடுக்கமாக, பேச முடியாமையாகத் திரும்பி வருகிறது. பெரியவர்களுக்கு இது நடந்தால், முன்பு தான் யார் என்ற நினைவாவது பிடித்துக்கொள்ள மிஞ்சும். பிள்ளைகளுக்கு அந்த 'முன்பு' சின்னது, இன்னும் முழுதாக உருவாகாதது. அதனால்தான் இந்த நூல்களைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சொல்லும் 'கள்ளமின்மையை இழந்தார்கள்' என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. அது எந்தப் பதின்வயதுக் கதைக்கும் பொருந்தும். இங்கே நடப்பது அதைவிடக் குறிப்பானது. அப்பாவுக்கு மகன், கடவுளுக்குப் பக்தன், ஊருக்குப் பிள்ளை என்ற கட்டுகள் ஒவ்வொன்றாக அறுகின்றன.

வீசலின் நூலில் அதை அடிக்கு அடி பார்க்கலாம். அவர் 1928இல் சிகெட் என்ற ஊரில் பிறந்தவர். இன்று ருமேனியாவில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஹங்கேரியின் கையில் இருந்தது. 1944 மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை ஹங்கேரியிலிருந்து சுமார் 4,40,000 யூதர்கள் ரயில் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். வீசல் குடும்பமும் அந்த அலையில் போனதுதான். அம்மாவும் கடைசித் தங்கையும் முதல் இரவே பிரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆண்கள் பக்கம் மிஞ்சியது அப்பாவும் மகனும். நூல் முழுக்க அந்த இருவரின் கதைதான்.

அறை வாங்கிய அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றது முதல் படி. சில மாதங்களில், வேலை இடத்தில் ஒரு மேற்பார்வைக் கைதி அப்பாவை இரும்புக் கம்பியால் அடிக்கிறான். மகனுக்குக் கோபம் வருகிறது, ஆனால் அடித்தவன் மேல் இல்லை. அடி விழாமல் தப்பிக்கத் தெரியாத அப்பா மேல். இன்னொரு சமயம், மகனின் தங்கப் பல்லுக்கு ஆசைப்பட்ட ஒருவன், அவன் தர மறுத்ததும், வரிசையில் கால் மாற்றி நடக்கும் அப்பாவைத் தினமும் அடிக்கத் தொடங்குகிறான். மகன் அப்பாவுக்கு நடை பயிற்சி கொடுக்கிறான். இடது, வலது, இடது, வலது. மற்ற கைதிகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். தகப்பன் பிள்ளைக்கு நடை பழக்கும் முறை தலைகீழாகிவிட்டது. அவருக்கு வரவில்லை. கடைசியில் பல் போகிறது.

1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கியதும் கைதிகளைப் பனியில் ஓடவிட்டார்கள். அந்த ஓட்டத்தில் ஒரு ரப்பி (யூத மதகுரு) தன் மகனைத் தேடிக்கொண்டு வருகிறார். மூன்று வருடம் முகாம் முகாமாக இருவரும் பிரியாமல் இருந்தவர்கள். அவர் போன பிறகுதான் எலியேசருக்கு (நூலில் கதை சொல்லும் பையனின் பெயர் இது) ஞாபகம் வருகிறது. அந்த மகன் அப்பா பின்தங்குவதைப் பார்த்தான், பார்த்துவிட்டும் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தான். உடனே எலியேசர், தான் நம்பிக்கை இழந்துவிட்ட அதே கடவுளிடம், அந்த மகன் செய்ததைத் தான் ஒருபோதும் செய்யாதிருக்கும் பலத்தைக் கொடு என்று வேண்டுகிறான்.

பிறகு ரயில். வழியில் யாரோ பெட்டிக்குள் ரொட்டித் துண்டை எறிகிறார்கள். ஒரு கிழவர் ஒரு துண்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஊர்ந்து வருகிறார். அவர் மேல் பாய்ந்து அடிப்பவன் அவருடைய சொந்த மகன். உனக்கும் சேர்த்துத்தானடா கொண்டுவந்தேன் என்று கிழவர் முனகுகிறார். அவர் செத்த பிறகு மகன் ரொட்டியை எடுக்கிறான், மற்றவர்கள் அவன் மேல் பாய்கிறார்கள். எலியேசரின் பக்கத்தில் இரண்டு பிணங்கள் கிடக்கின்றன.

இந்தக் காட்சிகள் ஏன் இப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கடைசியில்தான் உணர்கிறோம். புக்கன்வால்ட் முகாமில் அப்பா பேதியில் கிடக்கிறார். ஒரு வான்தாக்குதல் எச்சரிக்கையின்போது அவரைத் தவறவிட்ட மகன் மறுநாள் தேடிப் போகிறான். அவர் கிடைக்காமல் போனால் நன்றாக இருக்குமே, என் பலத்தை எனக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நினைப்பு வந்துபோகிறது. அடுத்த நொடியே வெட்கம். அந்த வெட்கம் என்றைக்கும் போகவில்லை என்று எழுதுகிறார். கடைசி இரவு அப்பா தண்ணீர் கேட்டுக் கூப்பிடுகிறார். சத்தம் போடுகிறார் என்று ஒரு அதிகாரி அவர் தலையில் அடிக்கிறான். தனக்கும் அடி விழும் என்ற பயத்தில் மகன் அசையவில்லை. விடிந்ததும் அந்தப் படுக்கையில் வேறொரு நோயாளி கிடக்கிறார். மகனுக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஆழத்தில் தேடியிருந்தால் 'அப்பாடா, விடுதலை' என்பது போல ஏதோ ஒன்று கிடைத்திருக்கும் என்கிறார்.

இதை எழுதவும் அச்சில் விடவும் எவ்வளவு நேர்மை வேண்டியிருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தோன்றுகிறது. ரப்பியின் மகனைப் பார்த்துப் பதறிய பையன் அவனுக்கு வெகு அருகில் போய் நிற்கிறான். அவன் கெட்டவனாகிவிட்டான் என்று நூல் சொல்லவில்லை, அவனுக்கு மன்னிப்பும் வழங்கவில்லை. பட்டினியும் பயமும் ஒரு பாசமுள்ள மகனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று காட்டிவிட்டு நிற்கிறது.

கடவுள் விஷயத்திலும் அப்படியே. சிகெட்டில் 12 வயதிலேயே இரவில் தொழுகையில் அழுத பையன், முகாமில் யூதப் புத்தாண்டு அன்று ஆயிரக்கணக்கானவர்கள் தொழும்போது அந்நியனைப் போல விலகி நிற்கிறான். நோன்பு நாளில் வேண்டுமென்றே சாப்பிடுகிறான். ஆனாலும் ஓட்டத்தின் நடுவே அவன் வாயில் பிரார்த்தனை வந்ததை மேலே பார்த்தோம். மாற்றம் ஒரே கோடாகப் போவதில்லை. போனது போலிருக்கும், தலைகாட்டும், மறுபடி போகும்.

கெர்டெஸின் நாவல் இதற்கு நேர் எதிரான குரலில் பேசுகிறது. முதல் தடவை படிப்பவர்கள் பலர் அதில் தடுமாறுவார்கள். கெர்டெஸ் 1929இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 14 வயதில் ஆஷ்விட்ஸுக்கும் பிறகு புக்கன்வால்டுக்கும் போனவர். நாவல் 1975இல் வந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2002இல் அவருக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. கதை சொல்லும் கியோர்கி எதையும் நியாயமாகப் புரிந்துகொள்ளப் பார்க்கும் பையன். பேருந்திலிருந்து அவனை இறக்குகிறார்கள், செங்கல் சூளையில் அடைக்கிறார்கள், ரயிலில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏதோ காரணம் இருக்கும் என்று ஒரு நல்ல மாணவனைப் போல யோசிக்கிறான். வாசகருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், பையனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது.

முகாமில் மூத்த கைதி ஒருவன் அவனுக்குப் பிழைக்கும் வழிகளைச் சொல்லித் தருகிறான். எவ்வளவு குளிரானாலும் தினமும் கழுவிக்கொள், ரொட்டியில் கொஞ்சம் மிச்சம் வை. கியோர்கி முதலில் கடைப்பிடிக்கிறான். பிறகு ரொட்டி மிச்சமாவது குறைகிறது. அப்புறம் கழுவுவது நின்றுபோகிறது. பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லாமல் ஒரு மனிதன் கரைவது இப்படித்தான். பின்னர் உடம்பில் புண் வைத்து, காகிதக் கட்டுக்குள் பேன் மொய்க்கும்போது, முதலில் அவற்றைப் பிடுங்கிப் போடப் பார்க்கிறான். முடியாமல் போனதும் அவை தின்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவற்றின் பசி அவனுக்கு ஒருவிதத்தில் புரிகிறது. வீசலின் அறைக் காட்சிக்கு இணையான இடம் இது என்று நினைக்கிறேன். அருவருப்பு வர வேண்டிய இடத்தில் வரவில்லை.

நாவலின் உச்சம் முகாமுக்கு வெளியே இருக்கிறது. விடுதலையாகி புடாபெஸ்டுக்குத் திரும்பும் பையன் டிராமில் ஏறுகிறான். கையில் காசில்லை. நடத்துனர் டிக்கெட் கேட்கிறார், இல்லையென்றால் இறங்கச் சொல்கிறார். பக்கத்தில் நின்ற ஒரு பத்திரிகையாளர் காசு கொடுத்துவிட்டு விசாரிக்கிறார். பட்டினியா, அடித்தார்களா என்று கேட்கக் கேட்க, பையன் 'இயல்பாகவே' என்று பதில் சொல்கிறான். அதெல்லாம் இயல்பே இல்லையே தம்பி என்று அவர் தவிக்கிறார். முகாமில் இயல்புதான் என்கிறான் இவன். நரகம் போல இருந்ததா என்று கேட்டால், நரகத்தைத் தனக்குத் தெரியாது, முகாமைத்தான் தெரியும் என்கிறான். முகாமில் சலிப்புக்கூட வரும், ஆஷ்விட்ஸில்கூட வரும் என்கிறான். எல்லாம் ஒரேயடியாக வந்திருந்தால் தாங்கியிருக்க முடியாது. ஒவ்வொரு அடியாக வந்தது, ஒவ்வொரு அடியாகப் பழகினோம். இதுதான் அவன் சொல்ல வருவது. பத்திரிகையாளருக்கு வேண்டியது நரகக் கதை. அவர் கொடுத்த முகவரிச் சீட்டை, அவர் மறைந்ததும் பையன் எறிந்துவிடுகிறான்.

வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பது யாரோ. அப்பா மவுத்தவுசன் முகாமில் இறந்துவிட்டார் என்பது தெரிகிறது. பழைய அண்டைவீட்டுக்காரர்கள், எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புது வாழ்க்கை தொடங்கு என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். அவனுக்குக் கோபம் வருகிறது. நடந்தது தன் வாழ்க்கை, அதை எப்படி நடக்காததாக்குவது என்று கேட்கிறான்.

இந்த இடத்தில் ஒரு மருத்துவரின் ஆய்வைச் சொல்லாமல் போக முடியாது. நெதர்லாந்தில் வாழ்ந்த ஹான்ஸ் கைல்சன் மனநல மருத்துவர், நாவலாசிரியரும்கூட. போருக்குப் பின் அனாதையான யூதப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1979இல் தன் ஆய்வை வெளியிட்டார். பிள்ளைகளின் காயத்தை அவர் மூன்று கட்டமாகப் பார்த்தார். ஒடுக்குமுறை தொடங்கிய காலம், முகாமிலோ மறைவிடத்திலோ கழிந்த காலம், போர் முடிந்து வளர்ப்பு வீடுகளில் வாழ்ந்த காலம். இரண்டாவது கட்டம் மிக மோசமாக இருந்தும் மூன்றாவது கட்டத்தில் நல்ல கவனிப்பு கிடைத்த பிள்ளைகள், இரண்டாவது ஓரளவு பரவாயில்லாமல் இருந்து மூன்றாவது மோசமாகிப்போன பிள்ளைகளைவிடப் பிற்காலத்தில் நன்றாக இருந்தார்கள் என்று கண்டார். விடுதலை நாளோடு காயம் முடிவதில்லை, திரும்பி வரும் பிள்ளையை ஊர் எப்படி ஏற்கிறது என்பதும் காயத்தின் ஒரு பகுதி. டிராம் காட்சியை நாவலின் உச்சம் என்று நான் சொன்னது இதனால்தான்.

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பில் முகாமே இல்லை. ஆனாலும் இங்கே பார்க்கும் நூல்களில், ஒரு பிள்ளை மாறுவதை அது நடக்கும்போதே பதிவு செய்தது இந்த நூல்தான். 1942 ஜூனில் 13வது பிறந்தநாளுக்கு நோட்டுப் புத்தகம் கிடைக்கிறது. ஜூலை 6 அன்று ஆம்ஸ்டர்டாமில் அப்பாவின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் குடும்பம் ஒளிந்துகொள்கிறது. பிறகு சேர்ந்தவர்களோடு மொத்தம் எட்டுப் பேர். 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபடும் வரை ஆன் எழுதினாள். பழைய பக்கங்களைத் திருப்பிப் படித்துத் தன்னைத் தானே எடைபோடும் பழக்கம் அவளுக்கு இருந்தது. 1944 ஜனவரியில், அம்மாவைப் பற்றி முன்பு எழுதியதன் கடுமையைப் பார்த்து அதிர்கிறாள். மார்ச்சில், 1942இன் பள்ளிக்கூட நாட்களை நினைத்து, அந்த ஆன் வேறு யாரோ என்று எழுதுகிறாள். அவளுக்கு அப்போது 14 வயது.

1943 நவம்பரில் எழுதிய ஒரு பக்கம் என்னை விட்டுப் போகாத பக்கம். பள்ளித் தோழி ஹன்னேலி கந்தல் துணியில், மெலிந்த முகத்தோடு கண்முன் வந்து, ஏன் என்னைக் கைவிட்டாய் என்று கேட்பதாகத் தோன்றுகிறது. நான் மட்டும் ஏன் இங்கே பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஆன் தவிக்கிறாள். உயிர் தப்பியவர்களைப் பிற்காலத்தில் வாட்டும் குற்ற உணர்வு, ஒளிந்திருக்கும்போதே ஒரு சிறுமிக்கு வந்துவிட்டது. நடந்தது வேறு. 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் வேலிக்கு இரு புறமும் நின்று அந்தத் தோழிகள் பேசிக்கொண்டார்கள். ஹன்னேலி பிழைத்தார், 2022 வரை வாழ்ந்தார். ஆன் அதே முகாமில் இறந்தாள்.

மனிதர்கள் உள்ளுக்குள் நல்லவர்களே என்று அவள் எழுதிய ஒரு வரியை மட்டும் எடுத்துச் சுவரில் மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. 1944 ஜூலை 15 அன்று எழுதிய அந்தப் பத்தியிலேயே, உலகம் பாலைவனமாகிக்கொண்டிருப்பதையும் தங்களை அழிக்கப்போகும் இடிமுழக்கம் நெருங்குவதையும் அவள் சொல்கிறாள். இரண்டும் தெரிந்த ஒருத்தி எழுதிய வரி அது. ஒன்றை மறைத்தால் அவளை மறுபடி சிறு குழந்தையாக்கிவிடுகிறோம்.

துன்பம் மனிதரை உயர்த்தும் என்ற எதிர்பார்ப்போடு வருபவர்களை நேருக்கு நேர் மறுத்தவர் க்ளூகர். ஆஷ்விட்ஸ் ஒன்றும் மனிதநேயம் கற்றுத்தரும் பள்ளிக்கூடமில்லை, அங்கே போய்வந்தவர்களிடம் ஏன் கூடுதல் நற்குணத்தை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். 1992இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நினைவுக் குறிப்பில் முகாமின் முதல் மாலை வருகிறது. மின்சாரம் பாயும் முள்வேலியில் இருவரும் சேர்ந்து போய் விழுந்துவிடலாம் என்று அம்மா 12 வயது மகளிடம் சொல்கிறார். மகள் மறுக்கிறாள். அம்மா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, உலாவப் போகலாமா என்று கேட்டு மகள் வரவில்லை என்றது போல விட்டுவிடுகிறார். இருவரும் பிழைத்தார்கள், அமெரிக்கா போனார்கள், ஆனால் அந்த உறவு கடைசிவரை நேராகவில்லை. சேர்ந்து பட்ட கஷ்டம் தாயையும் மகளையும் நெருக்கமாக்கியிருக்கும் என்று நாம் நினைப்போம். க்ளூகர் அந்த ஆறுதலைத் தரவில்லை. மணிக்கணக்கில் நிற்கவைக்கும் கணக்கெடுப்பில் மனப்பாடமான கவிதைகளைச் சொல்லிக்கொண்டு தாக்குப்பிடித்ததை மட்டும் நன்றியோடு சொல்கிறார்.

இன்னும் சின்னப் பிள்ளைகளின் அனுபவம் வேறு மாதிரி. அஹரோன் அப்பெல்ஃபெல்ட் 1932இல் பிறந்தவர். தாய் கொல்லப்பட்டு, முகாமிலிருந்து தப்பி, உக்ரைன் காடுகளில் சிறுவனாக அலைந்தவர். பிற்காலத்தில் அவர் எழுதும்போது பெயர்களும் தேதிகளும் அவரிடம் இல்லை. உள்ளங்கையும் பாதமும் முதுகும்தான் ஞாபகம் வைத்திருக்கின்றன. ஒரு சாப்பாட்டு வாசனை, நனைந்த காலணியின் ஈரம், திடீர்ச் சத்தம் போதும், போருக்குள் திரும்பிவிடுவார்.

போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளையும் இது விடவில்லை. ஆர்ட் ஸ்பீகல்மன் 'மவுஸ்' என்ற சித்திரக் கதையில் (முதல் பாகம் 1986, இரண்டாம் பாகம் 1991) தன் பெற்றோரின் கதையைச் சொல்கிறார். அவருக்கு முன் பிறந்த அண்ணன் ரிஷ்யூ போர்க் காலத்தில் இறந்துவிட்டான். வீட்டில் மாட்டியிருந்த அவன் படம் அடம்பிடித்ததில்லை, தப்பு செய்ததில்லை. அந்தப் படத்தோடு போட்டி போட்டு வளர்ந்த தம்பியின் கதையும் இதே இலக்கியத்தில் சேர்ந்ததுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் கையில் முதலில் கிடைப்பது 2006இல் ஜான் பாய்ன் எழுதிய, கோடுபோட்ட பைஜாமா அணிந்த சிறுவனைப் பற்றிய நாவலாகத்தான் இருக்கும். முகாம் அதிகாரியின் 9 வயது மகனும் வேலிக்கு உள்ளே இருக்கும் யூதச் சிறுவனும் நண்பர்களாகும் கதை. ஹோலோகாஸ்ட் வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020இல் சொன்னது. என் மறுப்பு இந்தக் கட்டுரையின் விஷயத்தைப் பற்றியது. வேலிக்கு உள்ளே இருக்கும் பையன் மாறுவதே இல்லை. மெலிகிறான், சோகமாக இருக்கிறான், அவ்வளவுதான். பசி அவன் மனதை என்ன செய்தது, அவன் எதற்குப் பழகிப்போனான் என்று நாவல் கேட்கவே இல்லை. இத்தனைக்கும் நம்மை அழவைத்துவிடுகிறது. அழுதுவிட்டதால் புரிந்துகொண்டோம் என்று நினைத்துவிடக் கூடாது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஆன் ஃபிராங்க். ஆனால் சுருக்கப் பதிப்பு வேண்டாம், முழு நூலையே கொடுங்கள். பெரியவர்களுக்கு 'இரவு'. சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம், ஆனாலும் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். வீசல் முதலில் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் இதைவிட நீளமாகவும் கோபமாகவும் எழுதி, 1956இல் வெளியிட்டார். 1958இன் பிரெஞ்சு வடிவத்துக்காகச் சுருக்கியதுதான் இன்று நாம் படிப்பது. வெட்டப்பட்ட இடங்களின் மௌனம் வரிகளுக்கு இடையே இருக்கிறது. கெர்டெஸை அதற்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் 50 பக்கம் அந்தப் பையனின் நிதானம் எரிச்சலூட்டினால் விட்டுவிடாதீர்கள், டிராம் வரை போய்விடுங்கள். க்ளூகர் அதற்கும் பிறகு. முகாம் நூல்கள் எதைப் படித்தாலும் ரொட்டி வரும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போங்கள். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள், யார் மறைக்கிறார்கள், யார் யாருடையதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்தக் கோடுகளை மட்டும் பின்னால் வரிசையாகத் திருப்பிப் பார்த்தால், அந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தில் மாறத் தொடங்கியது என்று உங்களுக்கே தெரியும்.